பரோல் மனுவும் மனநல மருத்துவரின் கையெழுத்தும்

குமரி மாவட்டத்தில் எல்லோரும் பரோல் என்றுதான் சொல்கிறோம். பாளையங்கோட்டை மத்தியச் சிறையிலிருந்து ஒருவர் வழிக்காவலுடன் தாயின் அடக்கத்துக்கு வந்து, குழியில் மண் போட்டுவிட்டு அன்று மாலையே திரும்பினாலும் அது பரோல். மகளின் கல்யாணத்துக்கு வந்து மூன்று வாரம் வீட்டில் தங்கினாலும் பரோல். தமிழ்நாட்டு விதிகளில் இதற்குப் பெயர் விடுப்பு. 1982-ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகள் அதை இரண்டாகப் பிரிக்கின்றன: அவசர விடுப்பு, சாதாரண விடுப்பு.

பெற்றோர், துணைவர், பிள்ளைகள், உடன்பிறந்தோரின் மரணம், கடும் நோய், வீட்டுத் திருமணம் ஆகியவற்றுக்கு அவசர விடுப்பு உண்டு. சாதாரண விடுப்பு கேட்க மூன்றாண்டுச் சிறைவாசம் முடிந்திருக்க வேண்டும். 21 நாள் முதல் 30 நாள் வரை கிடைக்கும். எந்தக் காரணங்களுக்காகக் கேட்கலாம் என்பதையும் விதி சொல்கிறது. குடும்பத்தின் பிழைப்புக்கு வழி செய்ய, பிள்ளையைப் பள்ளியிலோ கல்லூரியிலோ சேர்க்க, வீட்டைக் கட்ட அல்லது பழுதுபார்க்க, பாகப்பிரிவினைச் சிக்கலைத் தீர்க்க, விதைக்க, அறுக்க. ஒரு குடும்பம் எந்தெந்த நாளில் ஆண்துணை தேடித் தவிக்கும் என்பதை அறிந்த ஒருவர்தான் இதை எழுதியிருக்க வேண்டும் என்று படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். இடவப்பாதி மழைக்கு முன் கூரையை மாற்ற ஆளில்லாமல் நிற்கும் வீடுகளை விளவங்கோட்டிலும் கல்குளத்திலும் பார்த்தவர்களுக்கு இந்த வரிகளின் அருமை தெரியும்.

மனு நடக்கும் பாதை இப்படி. நீண்ட தண்டனை பெற்ற குமரி மாவட்டத்து ஆண்கள் பெரும்பாலும் பாளையங்கோட்டையில்தான் இருக்கிறார்கள். நாகர்கோவிலில் மாவட்டச் சிறை இருந்தாலும் ஆயுள் கைதிகளுக்கான இடம் அதுவல்ல. கைதியோ அவருடைய வீட்டாரோ கொடுக்கும் மனுவைச் சிறைக் கண்காணிப்பாளர் எடுத்துக்கொண்டு, கைதியின் வீட்டையும் ஊரையும் விசாரித்து எழுதும் நன்னடத்தை அலுவலரிடம் அறிக்கை கேட்கிறார். காவல் நிலையத்தின் கருத்தும் வருகிறது. அதாவது, சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால் இருக்கும் ஒருவரைப் பற்றி, இங்கே அவருடைய தெருவில் விசாரிக்கிறார்கள். அவர் வந்தால் ஏதும் தகராறு வருமா, எங்கே தங்குவார், யார் பொறுப்பேற்பது என்பவைதாம் கேள்விகள். மறுக்கப்பட்டால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மனு போட வேண்டியிருக்கும்.

இவ்வளவிலும் மனநல மருத்துவர் எங்கே வருகிறார்? நெடுங்காலம் அநேகமாக எங்குமே இல்லை. சமீப ஆண்டுகளில்தான் அவர் பெயர் அடிக்கடி அடிபடத் தொடங்கியிருக்கிறது. 2020 செப்டம்பரில் மத்திய உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்கு ஓர் அறிவுறுத்தல் அனுப்பியது. பரோல் தரும் குழுவிலும் தண்டனைக் குறைப்பு வாரியத்திலும் ஓர் உளவியல் வல்லுநரையோ குற்றவியல் வல்லுநரையோ சேர்த்துக்கொண்டு, தற்காலிக விடுதலைக்கு முன் அவர் கருத்தைப் பெறுவது பயன் தரும் என்றது. 2023 ஆகஸ்டில் பீகாரைச் சேர்ந்த ஓர் ஆயுள் கைதியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகப் பேசியது. முன்விடுதலையை, அதாவது தண்டனைக் காலம் முடியுமுன் விடுவிப்பதை, முடிவு செய்யும்போது தீர்ப்பளித்த நீதிபதியின் கருத்தையோ காவல்துறை அறிக்கையையோ மட்டும் நம்பிவிடக் கூடாது. கைதியை நேரில் சந்தித்துப் பேசிய தகுதியுள்ள உளவியலாளர் ஒருவரின் அண்மைக்கால அறிக்கை அரசிடம் இருந்தால் அது நீதிக்குத் துணை செய்யும். அந்தத் தீர்ப்பின் சாரம் இதுதான்.

முன்விடுதலை வேறு, விடுப்பு வேறு. விடுப்பில் வருகிறவர் திரும்பிப் போயாக வேண்டும். முன்விடுதலை பெறுகிறவர் வீட்டுக்கே வந்துவிடுகிறார். கொலைக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை பெற்றவர் குறைந்தது 14 ஆண்டு உள்ளே இருந்திருக்க வேண்டும் என்பது இப்போது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 475-ஆவது பிரிவில் இருக்கிறது. இரண்டுக்கும் சட்டம் வேறாக இருந்தாலும் அடிநாதமாக ஒரே கேள்வி ஓடுகிறது: இந்த மனிதர் மறுபடி செய்வாரா? 2000-ஆம் ஆண்டின் லக்ஷ்மண் நஸ்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் முன்விடுதலைக்குப் பார்க்க வேண்டியவை என ஐந்தைச் சொன்னது. குற்றம் சமூகத்தைப் பொதுவாகப் பாதிக்காத தனிச் செயலா, குற்றம் மீண்டும் நிகழ வாய்ப்புண்டா, குற்றம் செய்யும் திறனைக் கைதி இழந்துவிட்டாரா, இன்னும் அடைத்துவைப்பதால் பயனுண்டா, குடும்பத்தின் பொருளாதார நிலை என்ன. இதில் இரண்டாவதும் மூன்றாவதும் மனநல மருத்துவரை நோக்கி நீளும் கேள்விகள். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

மூன்று காலங்களின் கேள்விகள்

நீதிமன்றம் மனநல மருத்துவரிடம் மூன்று காலங்களைப் பற்றிக் கேட்கிறது. குற்றம் நடந்த அந்த நேரத்தில் இவருக்குத் தான் செய்வது இன்னதென்று தெரிந்திருந்ததா? இது இறந்தகாலம், பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆவது பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 84. இப்போது வழக்கைப் புரிந்துகொண்டு தன் தரப்பைச் சொல்லும் நிலையில் இருக்கிறாரா? இது நிகழ்காலம். பரோலுக்கான கேள்வி எதிர்காலத்தைப் பற்றியது. முதல் இரண்டுக்கும் மருத்துவரிடம் பிடிமானம் உண்டு. நோயின் அறிகுறிகள், சாட்சிகள், பழைய மருந்துச் சீட்டுகள் இருக்கும். மூன்றாவதற்கு அவரிடம் இருப்பது மதிப்பீடு மட்டுமே.

அந்த மதிப்பீட்டைக் கறாரான முன்னறிவிப்பாக எடுத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் பேர்ஃபுட் வழக்கு சாட்சி. டெக்சாஸ் மாநிலத்தில் மரண தண்டனை விதிக்க, குற்றவாளி இனியும் ஆபத்தானவராக இருப்பார் என்று நடுவர் குழு முடிவு செய்ய வேண்டும். இரண்டு மனநல மருத்துவர்கள் அந்த மனிதரைச் சந்திக்காமலே, வழக்கறிஞர் விவரித்த கற்பனைக் கேள்விக்குப் பதிலாக, ஆபத்தானவர் என்று உறுதியாகச் சாட்சி சொன்னார்கள். வழக்கு 1983-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது அமெரிக்க மனநல மருத்துவர் சங்கமே முன்வந்து, இத்தகைய நீண்டகால முன்கணிப்புகள் மூன்றில் இரண்டு தவறாகின்றன என்று எழுதிக் கொடுத்தது. நீதிமன்றம் அதைக் கேட்டுக்கொண்டு, அந்தச் சாட்சியத்தையும் ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டு தண்டனை நிறைவேறியது. தன் தொழிலால் இது முடியாது என்று ஒரு சங்கம் சொன்ன பிறகும் அதனிடமிருந்து தீர்ப்பை வாங்கிக்கொண்ட இந்த வழக்கை, மனநல அறிக்கை வேண்டும் என்று நம் ஊரில் கேட்கும் ஒவ்வொருவரும் படித்திருக்க வேண்டும்.

அதன் பிறகு முறைகள் திருந்தியிருக்கின்றன. வெறும் உள்ளுணர்வுக்குப் பதிலாக வகுத்துவைத்த கேள்விப் பட்டியல்களைக் கொண்டு மதிப்பிடுகிறார்கள். அவற்றில் பரவலாகப் பயன்படும் ஒன்றில் 20 அம்சங்கள் உண்டு. பத்து, கடந்த காலத்தைப் பற்றியவை. ஐந்து, இன்றைய மனநிலையைப் பற்றியவை. மீதி ஐந்து, வெளியே வந்தால் எங்கே தங்குவார், யார் துணை, சிகிச்சை தொடருமா, என்ன நெருக்கடிகள் காத்திருக்கின்றன என்பவை. இந்தக் கடைசி ஐந்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஓர் எளிய கணக்கிடமிருந்து தப்ப முடியாது. புள்ளிவிவரமாக அன்றி, கணக்கைப் புரிந்துகொள்ள மட்டும் இதைப் பாருங்கள். விடுப்பு கேட்கும் 1,000 பேரில் 20 பேர்தாம் வெளியே வன்முறையில் இறங்கக்கூடியவர்கள் என்று வைத்துக்கொள்வோம். நான்கில் மூன்று முறை சரியாகச் சொல்லும் கருவி நம்மிடம் இருக்கிறது. அது 20 பேரில் 15 பேரைப் பிடிக்கும். மற்ற 980 பேரில் கால்பங்கு, அதாவது 245 பேரையும் ஆபத்தானவர்கள் என்று சொல்லிவிடும். ஆக 260 பேருக்கு விடுப்பு மறுக்கப்படும். அவர்களில் 245 பேர் யாருக்கும் ஒரு தீங்கும் செய்திருக்க மாட்டார்கள். ஐந்து பேர் அப்போதும் நழுவிப் போவார்கள். அபாயம் அரிதாக இருக்கும் எந்த இடத்திலும் இந்தக் கணக்கு இப்படித்தான் போகும். மருத்துவரின் திறமைக் குறைவு இதற்குக் காரணமில்லை.

பத்துப் பழைய அம்சங்களிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. செய்த குற்றம் மாறாது. இளவயதில் அடிதடியில் மாட்டியது மாறாது. அவற்றை மட்டுமே எடை போட்டால், பத்தாண்டு ஒழுங்காக இருந்து, படித்து, தொழில் கற்றவருக்கும் முதல் நாள் கிடைத்த மதிப்பெண்தான் கிடைக்கும். கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2008-இல் இதைத்தான் திருத்தியது. பழைய குற்றத்தின் கொடுமையை மட்டும் காட்டிப் பரோல் மறுக்க முடியாது, இன்றைய ஆபத்தோடு அதற்குத் தொடர்பு இருப்பதைக் காட்ட வேண்டும் என்றது. அங்கே பரோல் என்பது மீதித் தண்டனைக் காலத்தைக் கண்காணிப்பின் கீழ் வெளியே கழிப்பது. நம் விடுப்பைவிடப் பெரியது. மூன்று வாரத்துக்கு வீட்டுக்கு வருகிறவரிடம் நாம் அதைவிடக் கடுமையாக இருக்க நியாயமில்லை.

மருத்துவருக்குத் தெரியாத தெரு

குளச்சலிலிருந்து தேங்காய்ப்பட்டணம் வரை கடற்கரையோரம் நடந்து பார்த்தவர்களுக்கு அங்கே வீடுகள் எப்படி ஒட்டி நிற்கின்றன என்பது தெரியும். ஒரு வீட்டின் அடுக்களைப் பேச்சு அடுத்த வீட்டின் திண்ணையில் கேட்கும். கொலையுண்டவரின் வீடும் கொன்றவரின் வீடும் ஒரே தெருவில், சில வேளை ஒரே குடும்பப் பெயரில், ஒரே கோவில் பங்கில் இருக்கும். அங்கே அபாயம் கைதியின் மண்டைக்குள் மட்டும் இருப்பதில்லை. மகனைப் பறிகொடுத்த தாய் காலையில் தண்ணீர் பிடிக்க வரும் குழாயடியிலும் அது இருக்கிறது. பாளையங்கோட்டையில் நாற்காலியில் அமர்ந்து ஒரு மணி நேரம் பேசும் மருத்துவருக்கு அந்தக் குழாயடி தெரியாது. நன்னடத்தை அலுவலருக்குத் தெரியும், பங்குத்தந்தைக்குத் தெரியும், ஊரில் நாலு பேரைக் கேட்டால் தெரிந்துவிடும்.

ஆகவே நன்னடத்தை அலுவலரின் அறிக்கையை ஓரங்கட்டிவிட்டு அந்த இடத்தில் மனநல அறிக்கையை உட்கார வைப்பதை நான் ஏற்கவில்லை. இரண்டும் ஒன்றையொன்று படிக்க வேண்டும். மேலே சொன்ன கடைசி ஐந்து அம்சங்களுக்கு விடை இந்த மண்ணில்தான் கிடைக்கும். சொந்த ஊரில் தங்குவது பதற்றம் என்றால் அருமனையில் இருக்கும் அக்காள் வீட்டில் தங்கலாமா? பத்து நாள் சும்மா இருந்தால் பழைய கூட்டாளிகள் தேடி வருவார்கள் என்றால், அண்ணனுடைய தோட்டத்தில் விடியற்காலை ரப்பர் பால் வெட்டப் போகலாமா? இத்தகைய பதில்கள் இருந்தால் அபாயம் குறைகிறது. அவற்றைத் தேடிப் பார்க்காத அறிக்கையில், எவ்வளவு அழகான மருத்துவச் சொற்கள் இருந்தாலும், பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

மதுவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மனச்சிதைவு நோய் என்ற பெயரைக் கேட்டதும் வன்முறையை நினைக்கிறோம். அந்த நோயோடு மதுவோ போதைப்பொருளோ சேரும்போதுதான் அபாயம் பெரிதும் கூடுகிறது என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டு அமைதியாக இருக்கும் மனச்சிதைவு நோயாளியைவிட, எந்த மனநோயும் இல்லாமல் குடித்துவிட்டு அரிவாளை எடுத்தவர் வெளியே வந்து மறுபடி குடித்தால் கவலைப்படக் காரணம் அதிகம். எட்டாண்டு சிறையில் குடிக்காமல் இருந்ததை வைத்துத் திருந்திவிட்டார் என்று எழுதுவது எளிது. உள்ளே கிடைக்காததால் குடிக்காததும், கிடைத்தும் குடிக்காததும் ஒன்றாகாது. குடி நோய்க்கு உள்ளே சிகிச்சை கிடைத்ததா என்பதை மருத்துவர் கேட்டு எழுதினால் அந்த ஒரு பத்தி மற்ற எல்லாவற்றையும்விடப் பயன்படும்.

நோயின் பெயர் பூட்டாக மாறும்போது

குமரி மேற்குப் பகுதியில் வளர்ந்தவர்களுக்கு ஊளம்பாறை என்ற பெயர் தெரிந்திருக்கும். திருவனந்தபுரத்தில் மனநல மருத்துவமனை இருக்கும் இடம். ஊளம்பாறைக்குப் போக வேண்டியவன் என்று ஒருவரை ஏசுவது எங்கள் பக்கத்தில் சாதாரணமாகப் புழங்கியது. தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடத்தில் இருக்கும் மாவட்டம் இது. 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு. இருந்தும் மனநல மாத்திரை சாப்பிடுகிறவர் அதை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைக்கிறார். வெளியே இருப்பவருக்கே இப்படி என்றால், கோப்பில் நோயின் பெயர் ஏறிவிட்ட கைதிக்கு என்ன ஆகும்? சித்த பிரமை என்றோ இருமுனைப் பிறழ்வு என்றோ ஒரு சொல்லைப் பார்த்ததும், எதற்கு வம்பு என்று கோப்பை மூடுவது அதிகாரிக்கு இயல்பாக வரும். விடுப்பு கொடுத்து ஏதாவது நடந்தால் அவர் பெயர் செய்தித்தாளில் வரும். மறுத்ததால் ஒரு குடும்பம் உடைந்தால் வராது.

சட்டம் இதை அனுமதிக்கவில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு சொல்வது இது: ஒருவருக்கு மனநோய் இருப்பதாகக் கண்டறிந்ததாலேயே அவர் சித்த சுவாதீனம் இல்லாதவர் ஆகிவிட மாட்டார், அதை நீதிமன்றம்தான் அறிவிக்க முடியும். முன்பு சிகிச்சை பெற்றிருக்கிறார் என்ற ஒன்றே இன்றும் அவருக்கு நோய் இருக்கிறது என்று முடிவு கட்டப் போதாது. அதே சட்டத்தின் 103-ஆவது பிரிவு, ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவில் மனநல நிலையம் இருக்க வேண்டும் என்கிறது. சிறை மருத்துவர்களுக்கு அடிப்படை மனநலச் சிகிச்சையில் பயிற்சி தருவதும் அரசின் கடமை. 2016-இன் மாதிரிச் சிறைக் கையேடு 500 கைதிகளுக்கு ஒரு மனநல வல்லுநர் என்று அளவு வைத்திருக்கிறது. நாட்டின் சிறைகள் இந்த அளவுக்கு வெகுதூரத்தில் நிற்கின்றன. 2011-இல் வெளியான, தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸின் ஆய்வு பெங்களூரு மத்தியச் சிறையில் 5,024 கைதிகளைப் பார்த்தது. போதைப் பழக்கத்தைக் கணக்கில் எடுக்காமலே நான்கில் ஒருவருக்கு மேல் ஏதோ ஒரு மனநலக் குறைபாடு இருந்தது. நோயின் பெயரைக் காட்டி விடுப்பை மறுப்பதென்றால் சிறையில் கால்வாசிப் பேருக்கு மறுக்க வேண்டும்.

இதைவிட ஆழமான கேடு ஒன்று உண்டு. இரவில் தூக்கமில்லை, சாகலாம் போலிருக்கிறது என்று ஒரு கைதி மருத்துவரிடம் சொல்கிறார். அடுத்த மாதம் அவர் போட்ட விடுப்பு மனு அந்த வாக்கியத்தைக் காட்டி மறுக்கப்பட்டால், அந்தச் சிறைத் தொகுதியில் இருக்கும் யாரும் இனி வாய் திறக்க மாட்டார்கள். மாத்திரை வேண்டாம், எனக்கு ஒன்றுமில்லை என்பார்கள். சிறையில் தற்கொலை இப்படிப்பட்ட மௌனத்தில்தான் வளர்கிறது. சிகிச்சை தரும் மருத்துவரும் விடுப்புக்காக மதிப்பிடும் மருத்துவரும் வேறு வேறு ஆளாக இருக்க வேண்டும் என்று உலகெங்கும் மனநல மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான். மதிப்பிட வருகிறவர் முதல் வாக்கியத்திலேயே, நான் உங்களுக்குச் சிகிச்சை தர வரவில்லை, நீங்கள் சொல்வதை அறிக்கையில் எழுதுவேன் என்று சொல்லிவிட வேண்டும். கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் அவை 2015-இல் ஏற்ற மண்டேலா விதிகளும், யாருக்கேனும் உடனடியான, உண்மையான ஆபத்து இருந்தாலன்றிக் கைதியின் மருத்துவ ரகசியம் காக்கப்பட வேண்டும் என்கின்றன. ஒரே மருத்துவர் பல நூறு பேரைப் பார்க்க வேண்டியிருக்கும் இடத்தில் இது நடக்குமா என்று கேட்கலாம். நடக்க வழி இருக்கிறது. ஆசாரிபள்ளத்திலும் திருநெல்வேலியிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் உண்டு. மாவட்ட மனநலத் திட்டமும் இருக்கிறது. வெளியிலிருந்து ஒருவரை மதிப்பீட்டுக்கு மட்டும் அழைப்பது பெரிய செலவில்லை.

அப்படி வருகிறவரிடம் எதைக் கேட்பது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இவர் ஆபத்தானவரா என்று கேட்டால், தற்காப்புக்காக எந்த மருத்துவரும் ஆம் என்ற பக்கமே சாய்வார். இவர் 21 நாள் வெளியே நல்லபடியாக இருக்க என்னென்ன வேண்டும் என்று கேட்டால் அவருக்கு எழுத நிறைய இருக்கும். என்ன மருந்து, எத்தனை வேளை, எந்த நாளில் ஊசி, தூக்கம் கெட்டால் யாரிடம் போவது, எந்தச் சூழலில் இவருக்கு மூளை கொதிக்கும், அதை முதலில் கவனிக்கக்கூடியவர் வீட்டில் யார். 2017-இல் ராஜஸ்தான் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் பரோலின் நோக்கங்களாகச் சொன்னவை, குடும்பத்தோடு தொடர்பு அறாமல் காப்பது, தொடர் சிறைவாசத்தின் தீய விளைவுகளிலிருந்து கைதியைக் காப்பது, வாழ்க்கையில் பற்றை விடாமல் வைத்திருப்பது. மூன்றும் மனநலம் சார்ந்தவை. விடுப்பே ஒருவகைச் சிகிச்சை என்று நீதிமன்றம் ஏறக்குறைய சொல்லியிருக்கும்போது, மனநோய் இருப்பதால் விடுப்பு இல்லை என்பது எப்படி நியாயமாகும்?

மறுபக்கத்துக் குடும்பத்தின் அச்சத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அவர்களுக்கும் யாராவது வந்து, இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை இவர் வருகிறார், ஊருக்குள் தங்க மாட்டார், காவல் நிலையத்தில் கையெழுத்துப் போடுவார் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். திடீரென்று சந்தையில் எதிர்ப்படும் முகம் அவர்களுக்குச் செய்யும் காயத்தை எந்த மதிப்பீட்டுப் பட்டியலும் அளப்பதில்லை.

மனு எழுத உதவி கேட்டு வருகிறவர்களிடம், கைதிக்கு மனநலச் சிகிச்சை நடந்தால் அதை மறைக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். மறைத்தது பிறகு தெரிந்தால் மனு அங்கேயே விழும். அதற்குப் பதில், மருந்துச் சீட்டின் நகலைக் கேட்டு வாங்கி இணையுங்கள். விடுப்பு நாட்களில் தக்கலை அரசு மருத்துவமனையிலோ ஆசாரிபள்ளத்திலோ காட்டப்போகிறோம் என்று இடத்தைக் குறிப்பிடுங்கள். சிறையிலிருந்து கிளம்பும்போதே முழு நாட்களுக்கும் மாத்திரை கொடுத்தனுப்புமாறு மனுவிலேயே கேளுங்கள். நடுவில் நான்கு நாள் மாத்திரை நின்றால் பழைய நிலை திரும்பிவிடக் கூடும். மாத்திரையை எடுத்துக் கொடுக்கப்போவது அம்மாவா, மனைவியா, தங்கையா என்பதையும் எழுதி, அவர் கைப்பட ஒரு வரி வாங்கிச் சேருங்கள். எழுதத் தெரியாதவர் என்றால் பெருவிரல் ரேகை போதும்.